ஃப்ரிட்ஜின் மேல் ஏற்காடு

போன கார்த்திகையில் ஒன்பது நாள் ஏற்காடு மலை முழுவதும் சேலம் அம்மாபேட்டையில், என் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் மேல், ஊறுகாய் ஜாடிக்கும் கரண்ட் பில் சொருகிய டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. கொண்டுபோய் வைத்தவன் நான். அரிசிப் பையில் போட்டு, மடியில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறக்கிக்கொண்டு போனேன். மலைக்கு லக்கேஜ் டிக்கெட் போடவா என்று கண்டக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மலை என்றால் மண்ணும் மரமும் அல்ல. மலையின் இன்டர்நெட் வேகத்தை அளக்கிற ஒரு பெட்டி. சுண்டல் டப்பா அளவு இருக்கும், முன்னால் ஒரு விளக்கு. ஆனால் துரிதப் பக்க வினியோகக் கழகத்தைப் பொறுத்தவரை பெட்டி எங்கே இருக்கிறதோ அதுதான் மலை.

கழகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் சான்றிதழ், பென்ஷன், காப்பீடு என்று நாம் கம்ப்யூட்டரில் திறக்கிற பக்கங்களுக்கு நாட்டில் பல ஊர்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் பட்டனை அழுத்தியதும், எந்த ஊர்ப் பிரதி நம்மிடம் சீக்கிரம் வந்து சேருமோ அந்த ஊருக்கு நம் கோரிக்கையை அனுப்பி வைப்பது கழகத்தின் வேலை. எது சீக்கிரம் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் பெட்டி. நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லா ஊரையும் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று குறித்து அனுப்பும். கழகத்தின் சின்னம், வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு பாயும் மான். மலைமேல் எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் அதை எல்லோரும் காகிதம் தின்கிற ஆடு என்றே நினைத்தார்கள்.

மஞ்சக்குட்டையில் சேவை மையம் நடத்துகிறவன் நான். பெயர் மாதேஷ். பெட்டியோடு எனக்கு ஒரு விதிப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். பெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் அணைந்தால் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். இரண்டாவது முறை அணைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள். அந்தக் கார்த்திகைப் புயலில் சில்வர் ஓக் மரங்கள் கரண்ட் கம்பிமேல் வரிசையாகப் படுத்தன. பெட்டிக்குள் இருந்த பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். மூளை உள்ளவன் விளக்கம் எழுதியிருப்பான். எனக்குக் கையெழுத்து மோசம். கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

"ஏன்டா, இது கெட்டுக் கிட்டுப் போயிருமா? ஃப்ரிட்ஜுக்கு உள்ளயே வெக்கட்டுமா?" என்று கேட்டாள் கலா அக்கா.

"மேலயே இருக்கட்டும். அணைஞ்சா எம் பொழப்புப் போயிரும்."

அக்கா வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு. பெட்டி பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தைக் கண்டதில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. மலையில் அது பச்சையாக எரிந்து நான் பார்த்ததே கிடையாது, பச்சை விளக்கு ஒன்று அதில் இருப்பதே அன்றுதான் தெரியும்.

பத்தாம் நாள் மலைக்குக் கரண்ட் வந்தது. பெட்டியை மீண்டும் மேலே கொண்டுவந்து கடையில் மாட்டினேன். கூடவே கழகத்தின் வாழ்த்துக் கடிதமும் வந்தது. புயலிலும் மின்தடையிலும் பதினொரு மில்லி செகண்ட் வேகத்தைக் காட்டி மாநிலத்தின் மலை மையங்களில் மஞ்சக்குட்டை முதலிடம் பெற்றிருக்கிறதாம். இவ்வளவு வேகமான மலைக்குப் பக்கத்திலேயே ஒரு சர்வர் வைத்திருப்பது வீண் என்று கண்டறியப்பட்டு, எங்களுக்காகச் சேலத்தில் இருந்த சர்வர் வேறு தேவைக்கு மாற்றப்பட்டுவிட்டதாம். எந்த ஊரிலிருந்து கொடுத்தாலும் உங்களுக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடும் என்பதால், இனி எந்த ஊரில் வேலை குறைவோ அங்கிருந்து கொடுக்கப்படும். தற்போது கௌகாத்தி.

அன்று திங்கட்கிழமை. கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் ஷேர் ஜீப்பிலிருந்து செங்கோடன் இறங்கினார்.

பக்கத்துக் கிராமம் வெள்ளக்கடைக்காரர். இரண்டு ஏக்கர் காப்பி, நடுவே மிளகுக் கொடி. ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. புதனும் சனியும் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். காப்பீட்டில் இலவசம். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என் கடைக் கேமராவில் முகத்தைக் காட்டி, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று நிரூபித்து, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஊசி குத்த மாட்டார்கள். பதிவு செய்த மையத்தில் மட்டும்தான் முகம் காட்டலாம். அவருடைய பதிவு மையம் நான். பழைய சீட்டு செவ்வாயோடு முடிகிறது.

அவர் மனைவி மருதாயி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "கேமராவப் பாருங்க. போன தடவையாட்டம் வெளிய போற கோழியப் பாக்காதீங்க."

பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. முகம் சரிபார்க்கத் தொண்ணூறு செகண்ட் கெடு. எண்பதாவது செகண்டில் நெற்றி வந்தது. எண்பத்தைந்தில் கண். மூக்கு வருவதற்குள் 'நேரம் முடிந்தது' என்று வந்துவிட்டது.

"ஏனுங்க மாதேசு, எம் மொகரை அதுக்குப் புடிக்கலீங்களா?" என்றார் செங்கோடன்.

"அதெல்லாம் புடிக்குதுங்கண்ணே. பக்கம்தான் வந்து சேர மாட்டேங்குது. கௌகாத்தியிலிருந்து வரணும்."

"அது எங்க இருக்குது?"

"அசாமுல."

"டீத்தூளு வெளையற ஊரா?" அவர் மருதாயியைப் பார்த்தார். "அப்படிச் சொல்லு. நாம காப்பிக்காரன்னு தெரிஞ்சுதான் அவன் நிறுத்தி வெக்கறான்."

அன்றைக்கும் மறுநாளுமாக நாற்பத்தொரு தடவை முயன்றோம். ஒருமுறை மூக்கு நுனி வரை வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூச்சுதான் முதலில் தீர்ந்தது.

பெட்டியிடம் உண்மை இருக்கும் என்று நம்பினேன். அது இப்போது மலையில்தானே இருக்கிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி செகண்ட் என்று சரியாகத்தானே அளக்கிறது. சரியாகத்தான் அளந்தது, அனுப்பவும் செய்தது. கழகத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் பெட்டி தனது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது. இன்றைய அளவுகள் நிராகரிக்கப்பட்டன. பெட்டியைக் கண்காணிக்கவும்.' ஒன்பது நாள் பொய் சொன்னபோது பாராட்டு வாங்கிய பெட்டி, உண்மையைச் சொன்ன முதல் நாளே கண்காணிப்புக்கு உள்ளானது.

புதன்கிழமை சீட்டில்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. பாதி நேரம் மட்டும் சுத்தம் செய்து அனுப்பினார். சனிக்கிழமை சீட்டு இல்லாமல் வந்தால் தன்னால் முடியாது என்றும் சொன்னார். பணம் கட்டிச் செய்துகொள்ளலாமே என்று பக்கத்தில் யாரோ யோசனை சொன்னார்களாம். அந்த ஆளை மருதாயி ஒரு பார்வை பார்த்ததில் அவர் நாற்காலியே மாறி உட்கார்ந்தாராம்.

வெள்ளிக்கிழமை நான் சேலத்தில் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போனேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக முடிவு. வேலை போகட்டும். ஒப்புக்கொள்கிற வசனத்தைக் கொண்டை ஊசி வளைவு தோறும் ஒத்திகை பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரர் பதினான்காம் வளைவில் எழுந்து பின்னால் போய்விட்டார்.

மண்டல அளவீட்டு அலுவலர் ஜெயபிரகாஷ். மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள். எங்கள் மலை எல்லாவற்றிலும் பெரிய புள்ளி.

"சார், அந்த ஒம்பது நாள் பொட்டி மலையிலயே இல்லீங்க. எங்கக்கா ஊட்டு ஃப்ரிட்ஜு மேல இருந்துச்சுங்க. தப்பு என்னுதுங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வையப் போகிறார் என்று நினைத்தேன். ஏசி வெளியே போகிறதாம்.

"மாதேஷ், நீங்க இடத்தப் பத்திப் பேசறீங்க. நாங்க இடத்தை அளக்கறதில்லை. வேகத்தை அளக்கறோம். வேகம் பதினொண்ணா இல்லையா?"

"பதினொண்ணுதானுங்க. ஆனா அது அம்மாபேட்டையோட வேகம்."

"அம்மாபேட்டைக்குன்னு தனிப் பெட்டி இருக்கு. அது அம்மாபேட்டையை அளக்கும். உங்க பெட்டி மேல என்ன ஒட்டியிருக்கு?"

"மஞ்சக்குட்டைன்னு."

"பிறகு?"

நான் யோசித்தேன். பிறகு ஒன்றும் இல்லை.

"சார், எங்க கடையில பக்கமே தொறக்கலீங்க. ஒரு சீக்காளிக்கு நாப்பத்தியொரு தடவ பாத்தாச்சு. நாளைக்கு அவருக்கு ரத்தம் மாத்தலேன்னா உசுருக்கே ஆபத்துங்க."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. "நாப்பத்தியொண்ணா? இங்க ஒண்ணுகூட இல்லையே. பாருங்க, ஒரு பக்கம் முழுசாத் திறந்ததும், திறந்துட்டேன்னு அதுவே ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதியை வெச்சுத்தான் எவ்வளவு நேரமாச்சுன்னு பாப்போம். திறக்காத பக்கம் சேதி அனுப்பாது. வராத சேதியை எப்படிங்க எடுத்துக்கறது? அதுக்குப் பேரு யூகம். கழகம் யூகத்துல நடக்கறதில்லை."

"அப்ப தொறந்தவங்க மட்டுந்தான் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"திறந்தவங்கதானே பயனாளி."

"யாருக்குமே தொறக்கலேன்னா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கும் திறக்கலேன்னா தாமதம்னு ஒண்ணு பதிவே ஆகாது. தாமதமே பதிவாகாத நிலைக்கு எங்க கையேட்டுல உச்சநிலைன்னு பேரு. எந்த மாவட்டமும் இன்னும் தொட்டதில்லை. உங்க மலை கிட்டத்தட்ட நெருங்கிட்டுது. இந்த நேரத்துல வந்து நீங்களே தப்பு தப்புங்கறீங்க."

நான் விடவில்லை. "சரிங்க சார். அந்தாளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அது எந் தப்பா, கழகத்தோட தப்புங்களா? அத மட்டும் சொல்லிருங்க."

"நல்ல கேள்வி. பொறுப்பும் பக்கம் மாதிரிதான் மாதேஷ். ஒரே இடத்துல வெக்க மாட்டோம். பல ஊர்ல பிரதி இருக்கும். யாராவது கேட்டா, அந்த நேரம் எங்க வேலை கம்மியோ அங்க அனுப்பிருவோம்."

"இப்ப எங்கீங்க கம்மி?"

அவர் திரையைப் பார்த்தார். "கௌகாத்தி."

வெளியே வரும்போது கையில் ஓர் உத்தரவு கொடுத்தார். 'பெட்டி எந்தச் சூழலில் நன்றாகச் செயல்பட்டதோ அந்தச் சூழலிலேயே உடனடியாகத் திரும்ப வைக்கப்பட வேண்டும். தவறினால் மையம் இடைநிறுத்தம் செய்யப்படும்.' குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன எனக்கு அதே குற்றத்தை மறுபடி செய்யும்படி கையெழுத்துப் போட்டு உத்தரவு. மீறியிருக்கலாம். மையத்தை மூடிவிட்டால் செங்கோடனுக்கு முகம் காட்ட இடமே இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். எது முந்தியது என்று அளக்க எந்தப் பெட்டியும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மூவரும் ஒரே சீட். ஜன்னலோரம் செங்கோடன், நடுவில் மருதாயி, ஓரத்தில் மடியில் அரிசிப் பையோடு நான். அவர் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, கையில் வைத்திருந்தார். மூச்சு வாங்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா வீடு, ஃப்ரிட்ஜ், பதினொன்று, கௌகாத்தி.

செங்கோடன் அரிசிப் பையைத் தடவிப் பார்த்தார். "இதுக்குள்ளயா இருக்குது நம்ம மலை? நொம்ப எளச்சுப் போச்சே."

"சிரிக்காதீங்கண்ணே. எந் தப்புதானுங்களே இது?"

"அட உடு கண்ணு. நீயி என்ன வேணும்னா பண்ணுன?" என்றார். பிறகு, "பஸ்ஸு நின்னா ஒரு டீ வாங்கிக் குடு. ஒரு மொடக்கு. இவ பாக்காதப்ப."

"காது கேக்குது எனக்கு," என்றாள் மருதாயி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அன்று வேறொருவர். சீட்டு எங்கே என்றார். இல்லை என்றோம். அடுத்தவர் என்றார். இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்கள் பெயர் அந்த ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். ரத்து செய்யும் பக்கமும் என் கடையில்தான் திறக்க வேண்டும்.

சேலத்தில் ஒரு சேவை மையத்தைக் கண்டுபிடித்து, இந்த ஒரு தடவை மட்டும் இங்கே முகம் காட்ட அனுமதி கேட்டோம். அந்த மையத்துக்காரர் நல்லவர். பக்கம் பட்டென்று திறந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கம் ஒன்று திறந்து பார்த்து அத்தனை நாளாகியிருந்தது. செங்கோடனின் காப்பீட்டு எண்ணைத் தட்டினார். திரையில் வந்ததை அவரே வாசித்தார். "'தங்களது மையம் பச்சை நிலையில், மாநிலத்தில் முதன்மை வேகத்தில் இயங்கி வருவதால், மாற்று மையக் கோரிக்கை ஏற்கப்படாது. தங்கள் மையத்தையே அணுகவும்.'"

"அத்தன வேகமான ஊருங்களா எங்கூரு?" என்றாள் மருதாயி. "அங்கயே பொறந்து அங்கயே இருக்கறோம். நாங்க பாத்ததில்லீங்களே."

அவர்களை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அம்மாபேட்டைக்குப் போனேன். "மறுபடியும் மலையத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று அக்கா ஊறுகாய் ஜாடியை நகர்த்தி இடம் விட்டாள். பெட்டியை மாட்டினேன். விளக்கு பச்சையாக எரிந்தது. அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "நீ சாப்பிட்டியா மொதல்ல?" என்றாள்.

மறு புதன்கிழமை கழகம் மலைக்கு வந்தது.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட் மண்டபத்தில் விழா. முதலிடம் பெற்ற மலைக்குக் கேடயம். காகிதம் கவ்விய மானை ஐஸில் செதுக்கி வாசலில் வைத்திருந்தார்கள். கழக இயக்குநரே வந்திருந்தார். எனக்கு மேடையில் நாற்காலி. பேச வாய்ப்புக் கிடைத்தால் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'புன்னகை' என்று மட்டும் இருந்தது.

இயக்குநர் பேசினார்.

"இந்த மலையில் கடந்த பதினைந்து நாளில் ஒரே ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. புகார்ப் பக்கத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு நேரவில்லை. நண்பர்களே, நகரத்து மக்கள் பக்கத்தைத் திறந்து, படித்து, திருப்தி இல்லாமல் மறுபடி திறக்கிறார்கள். இந்த எளிய மக்கள் அப்படியல்ல. இவர்கள் கேட்பதே இல்லை. கேட்காதவர்களுக்குக் கொடுப்பது எங்களுக்கு மிக எளிதாக இருக்கிறது. வேகம் என்பது கருவியில் இல்லை, மக்களின் மனத்தில் இருக்கிறது என்பதை இந்த மலை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது."

கைதட்டல். அடுத்ததாக நேரடிச் செயல்விளக்கம். கூட்டத்திலிருந்து யாராவது ஒரு பயனாளி வரலாம் என்று ஜெயபிரகாஷ் அறிவித்தார்.

பின் வரிசையிலிருந்து மருதாயி எழுந்தாள். அவர்கள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. செங்கோடனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். முகம் உப்பியிருந்தது, உதடு நீலம். நாலு அடிக்கு ஒருமுறை நின்றார். கழகத்தாருக்கு அவர் மெதுவாக வந்தது பிடித்துவிட்டது. படம் எடுப்பவருக்கு அவகாசம் கிடைத்தது.

"இவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேணுமுங்க," என்றாள் மருதாயி. "பதிவு மையத்துலதான் காட்டோணும்னாங்க. இங்க ஆகுமுங்களா?"

ஜெயபிரகாஷ் மைக்கில் சொன்னார்: "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் இந்த மண்டபமே உங்க மையம்."

மீண்டும் கைதட்டல். கழகத்தின் பொறியாளர் சிவரஞ்சனி என்ற பெண் மடிக்கணினியைச் செங்கோடன் பக்கம் திருப்பினாள். அவர் கேமராவைப் பார்த்தார், கோழியைத் தேடாமல் நேராகப் பார்த்தார். வட்டம் ஒரே ஒரு சுற்று. பச்சை. 'ஒப்புதல் வழங்கப்பட்டது.' மேஜைக்கு அடியிலிருந்து அச்சுப்பொறி ஒரு சீட்டைத் தள்ளியது. மண்டபமே எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து என் கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நிரல்படி நான் புன்னகை செய்தேன். அது நிரலுக்காக வந்த புன்னகை அல்ல, நிஜமாகவே வந்தது.

மருதாயி சீட்டை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். வாசலில் எங்கள் ஊர் டிரைவர் முனியப்பனின் ஷேர் ஜீப் நின்றது. நேரே சேலம்தான் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். செங்கோடன் ஜீப்பில் ஏறும்போது ஐஸ் மானைப் பார்த்து ஏதோ சொன்னார். முனியப்பன் சிரித்தது மட்டும் மேடை வரை கேட்டது.

படம் எடுத்து முடிய முக்கால் மணி நேரம். சிவரஞ்சனி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "நொம்ப நன்றிங்க. நாப்பத்தியொரு தடவையில ஆகாதது ஒரு தடவையில ஆயிப்போச்சு," என்றேன்.

அவள் கை நின்றது. "அண்ணா, அவங்க நிஜமாவே சீட்டுக்காக வந்தவங்களா?"

"பின்ன?"

"ஹால்ல நெட்டை நம்ப முடியாதுன்னு சார் லேப்டாப்புக்குள்ளயே ஒரு டெமோ புரோகிராம் ஓட விட்டிருந்தாருங்க. யார் மொகத்தக் காட்டினாலும் பச்சைதான் வரும்."

"சீட்டுல யாரு பேரு இருக்கும்?"

"மாதிரிப் பயனாளின்னு இருக்கும்ணா."

முனியப்பனுக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் சிக்னல் கிடையாது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேடயத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, மூன்றாவது வளைவு வரை அது என் மடியிலேயே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் சீட்டை ஏற்கெனவே கணினியில் காட்டிப் பார்த்திருந்தார்கள். மாதிரிப் பயனாளி, வயது 00, ஊர் மாதிரியூர். இது செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். மருதாயி சண்டை போட்டிருக்கிறாள். அவள் கத்திக்கொண்டிருந்தபோதே செங்கோடன் பெஞ்சிலிருந்து சரிந்திருக்கிறார். பிறகு எல்லோரும் ஓடினார்கள். அவசரப் பிரிவில் சீட்டு கேட்பதில்லை, அங்கே எல்லாம் உடனே கிடைத்தது. மறுநாள் காலை அவர் இறந்துபோனார்.

அடுத்த வாரம் கழகத்தின் கடிதம் வந்தது. முழுதாகத் தருகிறேன், நான் சேர்த்தது எதுவும் இல்லை. 'மஞ்சக்குட்டை மையத்தின் பெயரில் நிலுவையில் இருந்த ஒரே அனுமதிக் கோரிக்கை, பயனாளி தொடர்ந்து கோராத காரணத்தால் தானாகவே முடிவுக்கு வந்துள்ளது. தற்போது நிலுவை ஏதும் இல்லை. தாமதம் ஏதும் பதிவாகவில்லை. உச்சநிலை எய்தியமைக்கு வாழ்த்துகள்.'

பெட்டியை அக்கா வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனேன். ஜெயபிரகாஷின் மேஜையில் வைத்தேன். "அந்தாளு செத்துப் போயிட்டாருங்க சார்," என்றேன். அவர் நிஜமாகவே கலங்கினார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நம்ம எல்லாருக்குமே இது ஒரு இழப்புதான் மாதேஷ்," என்றார். தப்பு யாருடையது என்று மறுபடி கேட்டேன். குழு ஒன்று அமைத்திருக்கிறார்களாம். வாசலில் சிவரஞ்சனியைப் பார்த்து அவளிடமும் கேட்டேன். "நான் மெயில் போட்டிருக்கேன்ணா," என்று தலையைக் குனிந்துகொண்டாள். மேலே வரும்போது முனியப்பனிடம் கேட்டேன். எல்லாம் எழுதினபடிதான் நடக்கும் என்று சொல்லிக் கியரை மாற்றினார்.

வெள்ளக்கடையில் மருதாயி வாசலில் தார்ப்பாய் விரித்துக் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் போனாலும் பழம் பழுப்பது நிற்பதில்லை, எடுக்காவிட்டால் உதிர்ந்துவிடும். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றேன். அவள் பலகையால் கொட்டையைத் தள்ளிப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"உக்காருங்க தம்பி. அந்த ஓரத்துல. கொட்டைய மிதிக்காதீங்க."

உட்காரவில்லை. வழியில் தயார் செய்து வைத்திருந்த வேடிக்கைப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "மருதாயக்கா, ஒண்ணு கேக்கோணும். ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அந்தப் பொட்டிய நான் எடுத்துக்கிட்டுப் போகாம இருந்திருந்தா, அண்ணன் இப்ப இருந்திருப்பாருங்களா?"

உள்ளே இருந்து ஒரு பெண், "அட விதிங்க தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள்.

மருதாயி பலகையைக் கீழே வைத்தாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"இருந்திருப்பாரு தம்பி," என்றாள்.